சிக்னல் ப்ராசஸிங் ட்ரான்ஸாக்‌ஷன்ஸுக்குக் கட்டுரை அனுப்புவது எப்படி?

அல்காரிதம் தயார், மேட்லாபில் பிழை வளைகோடு பழைய முறைகளைவிடக் கீழே இறங்கிவிட்டது, கைடும் சரி என்று சொல்லிவிட்டார். இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. இலக்கு, ஐஇஇஇ சிக்னல் ப்ராசஸிங் சொசைட்டி நடத்தும் 'ட்ரான்ஸாக்‌ஷன்ஸ் ஆன் சிக்னல் ப்ராசஸிங்'. அங்கிருந்து திரும்பிவரும் பல கட்டுரைகளில் கணிதம் சரியாகவே இருக்கும். இதழ் பொருந்தாமல் போயிருக்கும், எஸ்.என்.ஆர். (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள திறன் விகிதம்) வரையறை பிசகியிருக்கும், அல்லது ஒப்பீடு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். மூன்றுமே அனுப்பும் முன் நம் மேசையிலேயே சரிசெய்யக்கூடியவை.

முதலில், இதுதானா உங்கள் இதழ்?

இந்த இதழின் வேர் 1950-களின் ஆடியோ பொறியாளர் குழுவில் இருக்கிறது. 1974 முதல் 1990 வரை 'ட்ரான்ஸாக்‌ஷன்ஸ் ஆன் அக்கூஸ்டிக்ஸ், ஸ்பீச், அண்ட் சிக்னல் ப்ராசஸிங்' என்ற பெயரில் வந்தது. 1991-இல் இன்றைய பெயர். 1992-இல் படச் செயலாக்கத்துக்கும், 1993-இல் பேச்சு, ஆடியோவுக்கும் தனித்தனி ட்ரான்ஸாக்‌ஷன்ஸ் தொடங்கப்பட்டன. இந்த வரலாறு இரண்டு இடத்தில் கைகொடுக்கும்.

ஒன்று, மேற்கோள் பட்டியல். திசை, அதிர்வெண் மதிப்பீட்டுக்காக ராய், கைலாத் எழுதிய 'எஸ்ப்ரிட்' கட்டுரை 1989-இல் வந்தது. அதற்குப் பழைய பெயரைத்தான் போட வேண்டும். இணையத்தில் அள்ளிய பிப்டெக் (லேடெக்குக்கான மேற்கோள் பதிவு) வரிகளை அப்படியே ஒட்டினால் இதுபோன்ற பிசகுகள் வரும். எடிட்டர் இதற்காக நிராகரிக்க மாட்டார், ஆனால் இவர்கள் மூலக் கட்டுரையைத் திறந்தே பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டு, எல்லை. பேச்சில் இரைச்சல் நீக்கம் என்றால் ஆடியோ, பேச்சு இதழுக்குப் போக வேண்டும்; படம் என்றால் படச் செயலாக்க இதழுக்கு. ஈசிஜி சிக்னலில் வேவ்லெட் போட்டு வகைப்படுத்திய வேலையை இங்கே அனுப்பினால், ரெவ்யூவரிடம் போகாமலேயே திரும்பிவர வாய்ப்பு அதிகம். இந்த இதழ் கேட்பது ஒரு பயன்பாட்டைத் தாண்டி நிற்கும் முறை: புதிய மதிப்பீட்டு முறை, அதன் செயல்திறன் பகுப்பாய்வு, ஒருங்கல் (கன்வர்ஜன்ஸ்) நிரூபணம், பிழைக்குப் புதிய கணித எல்லை. 'தெரிந்த முறையைப் புதிய தரவில் ஓட்டினோம்' என்பதுதான் ஒரு வரிச் சுருக்கம் என்றால் வேறு இதழ் தேடுவதே நேரத்துக்கு நல்லது. சோதிக்க எளிய வழி: உங்கள் மேற்கோள் பட்டியலில் கடந்த ஐந்தாண்டில் இதே இதழில் வந்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டுகூடத் தேறவில்லை என்றால், உங்கள் உரையாடல் வேறு இடத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

கருத்து ஒன்றே ஒன்று, நிரூபணம் அரைப் பக்கம், படம் இரண்டு என்றால் 1994 முதல் வரும் 'சிக்னல் ப்ராசஸிங் லெட்டர்ஸ்' பொருத்தம். அங்கே உள்ளடக்கம் நான்கு பக்கம். ஐந்தாவது பக்கத்தில் மேற்கோள்கள் மட்டும். ட்ரான்ஸாக்‌ஷன்ஸில் முதல் சமர்ப்பிப்பு இரட்டைப் பத்தியில் 13 பக்கம் வரை, திருத்திய பதிப்பு 16 வரை. நான்கு பக்கக் கருத்தைப் பதின்மூன்றுக்கு இழுத்தால் ரெவ்யூவர் மூன்றாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். திறந்த அணுகல் கட்டாயம் என்றால் 2020-இல் தொடங்கிய 'ஓப்பன் ஜர்னல் ஆஃப் சிக்னல் ப்ராசஸிங்' உண்டு. ஐஇஇஇ-க்கு வெளியே என்றால், எல்சவியர் 1979 முதல் நடத்தும் 'சிக்னல் ப்ராசஸிங்' இதழும் மதிப்புள்ளதுதான். 'ஏழு நாளில் ஏற்பு உறுதி' என்று வாட்ஸ்அப்பில் வரும் இதழ்களைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை.

சிமுலேஷன்: கட்டுரை நிற்பதும் விழுவதும் இங்கேதான்

ரெவ்யூவர்களில் பலர் முன்னுரை முடிந்ததும் நேராகப் படங்களுக்குத் தாவுவார்கள். அங்கே முதலில் பார்ப்பது உங்கள் வளைகோட்டுக்கும் கிராமர்-ராவ் எல்லைக்கும் உள்ள இடைவெளி. சி. ஆர். ராவ் 1945-இல் கல்கத்தாவில் வெளியிட்ட அந்த முடிவு, சார்பற்ற (அன்பயஸ்டு) எந்த மதிப்பீட்டு முறையின் பிழையும் இதற்குக் கீழே போக முடியாது என்கிறது. உங்கள் கோடு கீழே போனால் கண்டுபிடிப்பு என்று கொண்டாட வேண்டாம்; எங்கோ பிழை, அல்லது மதிப்பீடு சார்புடையது.

பிழை ஒளிந்திருக்கும் இடங்களை ஒற்றை அதிர்வெண் மதிப்பீட்டை வைத்துப் பார்க்கலாம். சிக்கலெண் (காம்ப்ளெக்ஸ்) அலையில் இரைச்சல் சேர்க்கும்போது ரேண்ட்என் (வேரியன்ஸ், அதாவது திறன், 1 உள்ள காஸியன் ரேண்டம் எண்களைத் தரும் மேட்லாப் கட்டளை) தந்த இரண்டு வெக்டர்களை மெய்ப் பகுதியாகவும் கற்பனைப் பகுதியாகவும் கூட்டினால், மொத்த வேரியன்ஸ் 1 ஆகாது, 2 ஆகும். √2 ஆல் வகுக்க மறந்தால், படத்தில் 10 டெசிபெல் என்று எழுதிய இடத்தில் உண்மையில் இருப்பது 7 டெசிபெல். கோடு எல்லையிலிருந்து 3 டெசிபெல் தள்ளி, எஸ்.என்.ஆர். மிகக் குறையாத பகுதி முழுக்க இணையாகவே ஓடும். அப்படி இணையாக ஓடும் 3 டெசிபெல் இடைவெளியைக் கண்டாலே முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அல்காரிதத்தை மாற்றத் தொடங்குவது பிறகு.

எல்லைச் சூத்திரத்திலும் இதே பொறி உண்டு. கோண அதிர்வெண்ணுக்கான எல்லையைச் சில நூல்கள் தொகுதியில் 6 என்றும், சில 12 என்றும் எழுதும். இரண்டும் சரி. இரைச்சலின் மொத்தச் சிக்கலெண் வேரியன்ஸைக் குறித்தால் 6. மெய்ப் பகுதி, கற்பனைப் பகுதி ஒவ்வொன்றின் வேரியன்ஸைக் குறித்தால் 12. 12 உள்ள சூத்திரத்தில் இன்னொரு நூலின் மொத்த வேரியன்ஸைப் போட்டால் எல்லை 3 டெசிபெல் ஏறும், உங்கள் கோடு அதற்குக் கீழே அழகாக இறங்கும், ரெவ்யூவர் அங்கேயே பேனாவை எடுப்பார். சரிபார்க்க ஓர் எண்: அலைவீச்சு 1, 64 சாம்பிள், 10 டெசிபெல் எஸ்.என்.ஆர். என்றால் எல்லையின் வர்க்கமூலம் ஒரு சாம்பிளுக்குச் சுமார் 0.0015 ரேடியன். உங்கள் நிரல் அதைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, அதிர்வெண்ணைச் சரியாக எஃப்எஃப்டி (விரைவு ஃபூரியே உருமாற்றம்) கணக்கிடும் அதிர்வெண் கட்டத்தின் மேலேயே வைப்பது. 64 புள்ளி எஃப்எஃப்டியில் உண்மை அதிர்வெண் ஏதோ ஒரு கட்டப் புள்ளியிலேயே உட்கார்ந்திருந்தால், கட்டத்தில் உச்சத்தைத் தேடும் எந்த முறையும் உயர் எஸ்.என்.ஆரில் சுழிப் பிழை காட்டும். ஸ்பார்ஸ் (சில கூறுகளே இருப்பதாகக் கொள்ளும்) முறைகளில், திசை மதிப்பீட்டில், இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் அதிர்வெண்ணையோ கோணத்தையோ, தொடக்க ஃபேஸையும், ரேண்டமாக எடுங்கள்.

எத்தனை ஓட்டம் போதும்? பிழை காஸியன் பரவலுக்கு நெருக்கம் என்று கொண்டால், சராசரி வர்க்கப் பிழையின் மதிப்பீட்டிலேயே இருக்கும் சார்புத் திட்டவிலக்கம் (மதிப்போடு ஒப்பிட்ட விலகல்) √(2/ஓட்ட எண்ணிக்கை). 100 ஓட்டத்துக்கு இது 14 சதவீதம், அதாவது சுமார் 0.6 டெசிபெல். 1,000 ஓட்டத்துக்கு 4.5 சதவீதம், 0.2 டெசிபெல். உங்கள் முறை மற்றதைவிட 0.3 டெசிபெல் மேல் என்று 100 ஓட்டத்தை வைத்துச் சொன்னால் அது இரைச்சலைப் பற்றிய கூற்று, முறையைப் பற்றியதல்ல. எல்லா முறைகளுக்கும் ஒரே ரேண்டம் தரவைக் கொடுத்தால் ஒப்பீட்டின் ஆட்டம் பெரும்பாலும் குறையும். இதற்குச் செலவே இல்லை. ஆனாலும் முறைக்கு முறை புதிதாக இரைச்சல் உருவாக்கும் நிரல்களே அதிகம்.

பிட் பிழை விகிதம் வரைபவர்களுக்குக் கணக்கு வேறு. ஒவ்வொரு புள்ளியிலும் குறைந்தது 100 பிழைகள் சேரும்வரை ஓட்டினால், பிழைகள் ஒன்றையொன்று சாராதபோது, சார்புத் திட்டவிலக்கம் 10 சதவீதம். ஒரு லட்சத்தில் ஒன்று என்ற விகிதத்துக்கு அது ஒரு கோடி பிட். பத்து லட்சம் பிட்டில் ஒரு பிழையும் வரவில்லை என்றால் விகிதம் சுழி என்று பொருளல்ல. 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, பத்து லட்சத்தில் மூன்றுக்கு மேல் இராது என்பது மட்டுமே. மடக்கை அச்சில் கடைசிப் புள்ளி திடீரெனச் செங்குத்தாக விழுந்தால், அந்தப் புள்ளியை நீக்குங்கள் அல்லது இன்னும் ஓட்டுங்கள். பிழைதிருத்தக் குறியேற்றம் (கோடிங்) இருந்தால் பிழைகள் கொத்தாக வரும். பிட்டை விட்டு ஃபிரேம் பிழைகளை எண்ணுங்கள்.

ஒப்பீட்டு முறைகளுக்கும் நியாயம் செய்யுங்கள். உங்கள் அளவுருக்களை நாள் கணக்கில் சீவிச் சீர்செய்துவிட்டு, எதிர்முறையை அதன் இயல்பு அளவுருவில் விட்டால் ரெவ்யூவருக்குத் தெரிந்துவிடும். அந்த எதிர்முறையை எழுதியவரே உங்கள் ரெவ்யூவராக வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம். மூல ஆசிரியர் நிரல் கிடைத்தால் அதையே ஓட்டுங்கள். எந்த முறைக்கு என்ன முன்தகவல் கொடுத்தீர்கள் என்று ஒரு சிறு அட்டவணை போடுங்கள்: சிக்னல் மூலங்களின் எண்ணிக்கை தெரியுமா, இரைச்சல் வேரியன்ஸ் தெரியுமா என்று. உங்கள் முறைக்கு மட்டும் வேரியன்ஸ் தெரிந்திருந்தால் அந்த வெற்றிக்கு மதிப்பில்லை.

உங்கள் அனுமானம் உடையும் ஒரு படமாவது இருக்கட்டும். சென்சார் நிலை சற்றே பிசகினால், இரைச்சல் வெள்ளையாக இல்லாமல் போனால், மூலங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்றால் என்ன ஆகிறது? நீங்கள் போடாவிட்டால் முதல் சுற்றில் கேட்பார்கள். மூன்று மாதம் வீண்.

ஆழ்கற்றல் கட்டுரைகளில் இதற்கு இணையான பாவம், ஒரே பதிவின் துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிடுவது. துண்டாக்கிய பிறகு பிரிக்காதீர்கள். பதிவு வாரியாகவோ ஆள் வாரியாகவோ பிரித்துவிட்டுத் துண்டாக்குங்கள்.

படங்கள்

ஐஇஇஇ பத்தியின் அகலம் 3.5 அங்குலம், 8.9 செமீ. மேட்லாபின் இயல்புப் படம் 560 பிக்சல் அகலம். 96 டிபிஐ திரையில் கிட்டத்தட்ட 5.8 அங்குலம். அதைப் பத்திக்குள் அடக்கினால் 0.6 மடங்காகச் சுருங்கி, 10 புள்ளி எழுத்து 6 புள்ளி ஆகிவிடும். அச்சில் லெஜெண்டைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும். வரையும்போதே அகலத்தை 8.9 செமீ, உயரத்தை 6.5 செமீ அளவில் வைத்து, எழுத்தை 8 புள்ளியாக்குங்கள். வெக்டர் பிடிஎஃப் அல்லது இபிஎஸ் ஆக ஏற்றுமதி செய்யுங்கள்; திரைப்பிடிப்பு வேண்டாம். நிறத்தை மட்டும் நம்பாமல் கோட்டு வகையையும் குறியையும் மாற்றுங்கள், கறுப்பு வெள்ளையில் ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள். அச்சுகளில் அலகு இருக்கட்டும். தலைப்பு வரியைப் படத்துக்குள் போடாதீர்கள். அதற்குப் படவிளக்கம் இருக்கிறது. அந்தப் படவிளக்கத்தில் சாம்பிள் எண்ணிக்கை, சென்சார் எண்ணிக்கை, ஓட்ட எண்ணிக்கை மூன்றும் வர வேண்டும். உரையைப் புரட்டாமல் படம் புரிய வேண்டும்.

எழுத்தும் வடிவமும்

லேடெக்கில் ஐஇஇஇட்ரான் கிளாஸ் (ஐஇஇஇ வார்ப்புரு), இரட்டைப் பத்தி, 10 புள்ளி. சுருக்கம் ஒரே பத்தியாக 150 முதல் 250 சொல். அதில் மேற்கோள் எண்ணோ அடிக்குறிப்போ கூடாது. பக்க எல்லைக்குள் அடக்க வரி இடைவெளியையும் ஓரத்தையும் திருகுவது உடனே கண்ணில் படும், அதற்குப் பதில் ஒரு துணைத்தேற்றத்தை எடுத்துவிடலாம்.

முன்னுரையின் கடைசிப் பகுதியில் உங்கள் பங்களிப்பை மூன்று நான்கு வாக்கியத்தில் எழுதுங்கள். 'புதிய சிறந்த முறையை முன்வைக்கிறோம்' என்பது பங்களிப்பு அல்ல. 'சீரற்ற சென்சார் அணிகளுக்கும் பொருந்தும் மூடிய வடிவத் தீர்வு, எஸ்.என்.ஆர். 5 டெசிபெல்லுக்கு மேல் எல்லையை எட்டுகிறது. கணக்கீட்டுச் செலவு சென்சார் எண்ணிக்கையின் மூன்றாம் அடுக்கில் வளர்கிறது' என்பது பங்களிப்பு. நெருங்கிய இரண்டு மூன்று முந்தைய வேலைகளிலிருந்து எங்கே விலகுகிறீர்கள் என்பதைப் பெயர் சொல்லியே எழுதுங்கள். இந்திய அரசு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு 2025 முதல் 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' என்ற அரசின் பொதுச் சந்தாத் திட்டம் வழியாக ஐஇஇஇ இதழ்களும் கிடைக்கின்றன. பழைய கட்டுரை கிடைக்கவில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது.

அனுப்பும் நாள்

எல்லா ஆசிரியர்களின் ஆர்க்கிட் எண்ணையும் (ஆய்வாளர் அடையாள எண்), குறைந்தபட்சம் உங்களுடையதை, முன்பே எடுத்துவைத்துக்கொண்டு ஐஇஇஇ ஆத்தர் போர்ட்டலில் நுழையுங்கள். அங்கே அலட்சியமாகத் தாண்டிப்போகும் பெட்டி ஒன்று உண்டு: எடிக்ஸ். துறை உட்பிரிவுகளின் பட்டியல் அது. நீங்கள் தேர்வதை வைத்தே கட்டுரை எந்த அசோசியேட் எடிட்டரிடம் போகும் என்பது முடிவாகிறது, அவர் வழியாக ரெவ்யூவர்களும். அணிச் செயலாக்கக் கட்டுரைக்குப் பொதுவான 'புள்ளியியல் முறைகள்' வகையைத் தந்தால், அந்தத் துறையின் அனுமானங்கள் தெரியாத ஒருவர் அதைப் படிப்பார், 'இந்த அனுமானம் ஏன்?' என்று பத்துக் கேள்வி கேட்பார். உங்களுக்கு மிக நெருக்கமான மூன்று கட்டுரைகள் எந்த உட்பிரிவில் சேரும் என்று யோசித்துத் தேர்வு செய்யுங்கள்.

மாநாட்டில் வந்த பகுதி இருந்தால் அதை மேற்கோள் காட்டி, என்ன கூடியிருக்கிறது என்று முன்னுரையில் சொல்லுங்கள். ஒப்புமைச் சோதனை மென்பொருள் எப்படியும் அதைக் கண்டுபிடிக்கும். நீங்களே சொன்னால் பிரச்சினை இல்லை, மறைத்தால்தான் பிரச்சினை. ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் முன்பதிப்பு போட ஐஇஇஇ அனுமதிக்கிறது. உரை, படம், நிரல் எதையாவது ஏஐ கருவி உருவாக்கியிருந்தால் நன்றியுரைப் பகுதியில் கருவியின் பெயரோடும், பயன்படுத்திய இடத்தோடும் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்புவது, கண்டுபிடிக்கப்பட்டால், இரண்டையும் இழப்பது.

முடிவு வந்த பிறகு

முடிவுக் கடிதத்தில் ஏக்யூ என்றால் சிறு திருத்தத்தோடு ஏற்பு. ஆர்க்யூ என்றால் பெருந்திருத்தம், மீண்டும் ரெவ்யூ. வெறும் ஆர் என்றால் நிராகரிப்பு. முதல் சுற்றில் ஆர்க்யூ வந்தால் நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்ளலாம். நிராகரிக்கப்பட்டதை ஒரே ஒருமுறை மீண்டும் அனுப்ப விதி இடம் தருகிறது. ஆனால் புதுக் கட்டுரைபோல் அனுப்பக் கூடாது. முந்தைய எண்ணைக் குறிப்பிட்டு, ஒவ்வொரு விமர்சனத்துக்கும் என்ன செய்தீர்கள் என்ற ஆவணத்தை இணைக்க வேண்டும்.

பதில் கடிதம் எழுதுவது தனிக் கலை. ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்து ஒட்டி, கீழே பதில், அதற்குக் கீழே கட்டுரையில் மாறிய வரிகளையே தாருங்கள். ரெவ்யூவர் உங்கள் பிடிஎஃப்பில் தேட வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. உதாரணமாக, 'மூன்றாம் படத்தில் 0 டெசிபெல்லுக்குக் கீழே பிழை ஏன் திடீரென ஏறுகிறது?' என்ற கேள்விக்கு 'கருத்துக்கு நன்றி, விளக்கம் சேர்த்துள்ளோம்' என்பது பதிலே இல்லை. 'அது வாசல் விளைவு. அந்த வாசலுக்குக் கீழே இரைச்சலின் உச்சம் சில ஓட்டங்களில் உண்மை உச்சத்தைத் தாண்டிவிடுவதால் மதிப்பீடு வெகுதூரம் விலகுகிறது. அப்படி விலகிய ஓட்டங்களின் விகிதத்தைப் புதிய நான்காம் படத்தில், ஒன்பதாம் பக்கத்தில் காட்டியுள்ளோம். கிராமர்-ராவ் எல்லை இந்தப் பகுதியை முன்னறிவிப்பதில்லை என்ற வரியும் சேர்ந்துள்ளது' என்பது பதில்.

ரெவ்யூவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அப்படிச் சொல்லலாம், ஆனால் உரையையும் மாற்றுங்கள். ஒருவருக்குத் தவறாகப் புரிந்தது அடுத்தவருக்கும் தவறாகவே புரியும். அவர் கேட்கும் சோதனை அர்த்தமற்றது என்றால் காரணத்தைக் கணக்கோடு சொல்லி மறுக்கலாம். எடிட்டர் காரணமுள்ள மறுப்பை ஏற்பார். ஏற்காதது, கேள்வியைப் பார்க்காததுபோல் தாண்டிப்போவதை. சம்பந்தமில்லாத ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்லி வற்புறுத்தும் கருத்து வந்தால், ரெவ்யூவரோடு மோதாமல் எடிட்டருக்குத் தனிக் குறிப்பாக எழுதுங்கள்.

ஏற்புக்குப் பிறகு பணக் கணக்கு. சந்தா வழியில் முதல் பத்துப் பக்கத்துக்குக் கட்டாயக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு பக்கத்துக்கும் 220 டாலர் என்பது நெடுநாள் விகிதம், அனுப்பும் முன் இதழின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று பக்கம் என்றால் 660 டாலர். கல்லூரி தருமா என்பதை ஏற்புக் கடிதம் வந்த பிறகு கேட்பதைவிட, பதினோராம் பக்கத்தை எழுதும்போதே கேட்பது நல்லது.

ப்ரூஃப் வந்தால் உரையைவிடச் சூத்திரங்களையே வரி வரியாகப் பாருங்கள். தடித்த எழுத்து வெக்டர் சாதாரண எழுத்தாக மாறியிருக்கும், இணைச்சிக்கல் குறியும் இடமாற்றுக் குறியும் குழம்பியிருக்கும், கீழ்க்குறி ஒரு நிலை ஏறியிருக்கும். ஐஇஇஇ எக்ஸ்ப்ளோரில் இறுதி வடிவம் ஏறிய பிறகு தனித் திருத்தக் குறிப்பு வெளியிடுவதைத் தவிர வழியில்லை. ஆர்க்கைவில் ஏற்கப்பட்ட பதிப்பை, ஐஇஇஇ பதிப்புரிமை வரியையும் டிஓஐ எண்ணையும் (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) சேர்த்துப் புதுப்பியுங்கள். எக்ஸ்ப்ளோரிலிருந்து இறக்கிய பிடிஎஃப்பை அங்கே போடக் கூடாது. போட வேண்டியது உங்கள் லேடெக் கோப்பிலிருந்து வந்ததை.